எண்ணில் வராத நினைவகம்: மேசைக்கணினியின் முகவரி எல்லைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் உள்ள கிராமமொன்றில் இளைஞர் சிலர் நடத்திவரும் கணினிப் பயிற்சி நிலையத்திலே அண்மையில் ஒரு பிணக்கு எழுந்தது. நிலையத்திலிருந்த மூன்று பழைய மேசைக்கணினிகளுக்கு, கடைவழக்கில் ‘ராம்’ எனப்படும் நினைவகத் தகடுகள் வாங்கிப் பொருத்தப்பட்டன. பொருத்திய பின்னர் மூன்றும் பொருத்திய அளவைக் காட்டவில்லை. முதலாவது கணினியில் இருந்தது 4 கிகாபைற், பயன்படுத்தத்தக்கது 3.2 கிகாபைற் என்று திரை கூறிற்று. இரண்டாவதில் இருந்தது 8 கிகாபைற். அங்கும் பயன்படுத்தத்தக்கது 3.2 என்றே வந்தது. மூன்றாவதில் 2 கிகாபைற் தகடுகள் இரண்டு இருந்தும், 2 கிகாபைற் மட்டுமே தோன்றிற்று. தகடு விற்ற கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றனர் ஒருசாரார். கணினிகளே பழுதடைந்துவிட்டன, அவற்றைக் கழித்துவிட்டுப் புதியன வாங்கவேண்டும் என்றனர் மறுசாரார். மாதக் கட்டணத்தை முழுமையாகத் தரவியலாத மாணவரை நம்பி நடக்கும் நிலையத்துக்கு மூன்று புதிய கணினிகள் என்பது சிறிய செலவன்று. ஒரு வணிகரின் நற்பெயரும் அவ்வாறே சிறிய பொருளன்று.

இவ்விரு முடிவுகளும் தவறானவை என்பது பின்னர் தெரியவந்தது. மூன்று கணினிகளிலும் குறை ஒன்றுபோலத் தோன்றினும் காரணங்கள் மூன்றாக இருந்தன. அவற்றுள் இரண்டு பழுதே அல்ல. வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பொறியியலாளர் செய்த தீர்மானங்களின் எச்சங்கள். கல்வெட்டொன்றைக் கண்ட வரலாற்று மாணவன் அது கூறுவதை அவ்வாறே உண்மையெனக் கொள்வதில்லை. அதனைப் பொறித்தவர் யார், எக்காலத்தவர், எதனை அறியக்கூடிய நிலையில் இருந்தார் என்பனவற்றை முதலில் வினவுகின்றான். கணினித் திரையிலே தோன்றும் நினைவக எண்ணும் அத்தகைய ஒரு சான்றே. அதனை வாசிப்பதற்கு வரலாறு வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நினைவகமும் முகவரியும்

இப்பொருளை ஆராய்வதற்கு இரண்டு கலைச்சொற்கள் அடிப்படையானவை. ஒன்று நினைவகம், மற்றது முகவரி. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936ஆம் ஆண்டிலே சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியபோது இலத்திரன் கணினி தோன்றியிருக்கவில்லை. எனினும் அன்று வலுப்பெற்ற சொல்லாக்க மரபின் வழிவந்தோர் ஆக்கிய இவ்விரு சொற்களும் தாம் குறிக்கும் பொருளின் தொழிலைத் தெளிவாகவே உணர்த்துகின்றன. நினைவகம் என்பது பல கோடிச் சிறு அறைகளைக் கொண்ட ஓர் அகம். ஒவ்வோர் அறையும் ஒரு பைற் அளவினது. முறைவழியாக்கி ஓர் அறையை அணுகவேண்டுமாயின் அவ்வறையின் இலக்கத்தைக் கூறவேண்டும். அவ்விலக்கமே முகவரி.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். கிராமமொன்றிலே வீடுகளுக்கு இரண்டு இலக்கங்களால் மட்டுமே எண் இடவேண்டும் என்று கிராமசபை விதித்ததாகக் கொள்வோம். 00 முதல் 99 வரை நூறு வீடுகளுக்கு எண் இடலாம். நூற்றோராவது வீடு மண்ணில் உண்டு, ஏட்டில் இல்லை. அவ்வீட்டுக்குத் தபாற்காரர் கடிதம் கொண்டுசெல்ல வழியில்லை. மேலும், 80 முதல் 99 வரையான எண்களைக் கோயில், பாடசாலை, தபாற்கந்தோர் ஆகியவற்றுக்கென ஒதுக்கிவைப்பதாகவும் சபை தீர்மானித்தால், குடிமக்களின் வீடுகளுக்கு எஞ்சுவன எண்பது எண்களே. கணினியில் நினைவகம் காணாமற்போகும் வரலாற்றின் பெரும்பகுதி இவ்விரு விதிகளுள் அடங்கிவிடும்: எண்ணின் நீளம் ஒன்று, ஒதுக்கீடு மற்றொன்று.

கணினி பத்தின் அடுக்குகளில் எண்ணுவதில்லை. இரண்டின் அடுக்குகளில் எண்ணுகின்றது. முகவரியைச் சுமக்கும் தடமொன்று கூடுந்தோறும் அணுகக்கூடிய அறைகள் இரட்டிக்கும். 20 தடங்கள் இருப்பின் 1,048,576 பைற். அதாவது ஒரு மெகாபைற். 24 தடங்களுக்கு 16 மெகாபைற். 32 தடங்களுக்கு 4,294,967,296 பைற். அதாவது 4 கிகாபைற். இம்மூன்று எண்களும் கணினி வரலாற்றின் மூன்று எல்லைக்கற்கள் எனலாம்.

2. மனிதன் கூற இயந்திரம் நம்பிய காலம்

மட்டக்களப்பு மக்களுக்கு 1978ஆம் ஆண்டு சூறாவளி ஆண்டு. அவ்வாண்டு நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி இப்பிரதேசத்தின் வீடுகளையும் தென்னந்தோப்புகளையும் சாய்த்தது. அதே ஆண்டு யூன் மாதத்திலேதான் அமெரிக்காவில் இன்ரெல் நிறுவனம் 8086 என்னும் முறைவழியாக்கியை வெளியிட்டது. அதற்கு முகவரித் தடங்கள் 20. அதன் இனத்தைச் சேர்ந்த 8088ஐக் கொண்டு ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாட் கணினியை 1981 ஓகஸ்ற் 12ஆந் திகதி அறிமுகஞ் செய்தது. மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தாறுமூலையில் ஆரம்பிக்கப்பட்டது அதே மாதம் முதலாந் திகதி. அக்கல்லூரியே 1986 ஒக்டோபரிற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஆகவே இப்பிரதேசத்தின் உயர்கல்வியும் இன்றைய மேசைக்கணினியின் மூலவடிவமும் பதினொரு நாள் இடைவெளியிற் பிறந்தவை.

அந்த முதற் கணினி தன் நினைவகத்தைத் தானே முழுமையாகக் கண்டறியவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. அதன் தாய்ப்பலகையில் சிறு ஆளிகள் கொண்ட இரு தொகுதிகள் இருந்தன. இவ்வளவு நினைவகம் பொருத்தியுள்ளோம் என்பதை அவ்வாளிகளை மேலும் கீழும் தள்ளி மனிதனே கூறவேண்டும். தகட்டைப் பொருத்திவிட்டு ஆளியை மாற்ற மறந்தால், புதிய நினைவகம் இருந்தும் இல்லாததாகும். அன்றியும், தொடக்ககாலப் பிரதிகளில் இருந்த பயோஸ் என்னும் அடிப்படை நிரல் 544 கிலோபைற்றுக்கு மேல் ஏற்கவில்லை. 1982ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திய திருத்தப் பிரதியே அக்குறையை நீக்கிற்று. பொருத்திய நினைவகம் முழுவதும் காணப்படவில்லை என்னும் முறைப்பாடு இவ்வாறு தனியாட் கணினியின் குழந்தைப் பருவத்திலேயே தோன்றிவிட்டது.

1984ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். ஏ.ரி. கணினியில் ஆளிகளின் இடத்தை மின்கலத்தால் உயிர்பெறும் சிறு நினைவகமொன்று பெற்றது. அதிற் பதிந்துள்ள அளவும், கணினி தொடங்கும்போது தானே எண்ணிக் கண்ட அளவும் முரண்பட்டால், 164 என்னும் எண்ணுடன் நினைவக அளவு பிழை என்ற அறிவித்தல் திரையில் தோன்றும். அது இயந்திரம் மனிதனின் கூற்றை ஐயுறத் தொடங்கிய காலம். மின்கலம் வலுவிழந்தால் பதிவு அழியும். நல்ல கணினியும் தன் நினைவகத்தை மறந்ததுபோல் நடந்துகொள்ளும்.

பின்னர் பயோஸ் தானே எண்ணும் வழக்கம் பரவிற்று. கணினியைத் தொடக்கியதும் கரிய திரையில் எண் ஒன்று ஏறிக்கொண்டு செல்வதை அக்காலத்து மாணவர் நன்கறிவர். 1990களின் பிற்பகுதியிலே நினைவகத் தகட்டிலேயே ஒரு சிறு சில்லு பொருத்தப்பட்டு, தகட்டின் அளவு, அமைப்பு, வேகம் ஆகியன அதில் எழுதப்படலாயின. தகடு தன் பெயரையும் ஊரையும் தானே கூறும் நிலை இதனால் ஏற்பட்டது. ஆயினும், கூறுவது உண்மையாயினும், கேட்பவருக்கு அம்மொழி விளங்கவேண்டும் அன்றோ?

3. 640 கிலோபைற்: முதலாவது ஒதுக்கீடு

20 தடங்கள் வழங்கிய ஒரு மெகாபைற் முகவரிப் பரப்பில் மேல்நிலை 384 கிலோபைற்றை ஐ.பி.எம். வடிவமைப்பாளர் திரைக்கும், விரிவாக்க அட்டைகளுக்கும், பயோசுக்கும் ஒதுக்கினர். எஞ்சிய 640 கிலோபைற்றே பயனரின் நிரல்களுக்கு உரியது. இவ்வளவு எவருக்கும் போதும் என்று பில் கேற்ஸ் கூறியதாக ஒரு கதை நெடுங்காலம் வழங்கிவந்தது. அவரோ அதனை மறுத்துள்ளார். அவ்வாறு கூறினார் என்பதற்குத் தக்க சான்றும் இல்லை. 16 கிலோபைற் நினைவகத்துடனே கணினி விற்பனையான காலத்தில் 640 என்பது அதன் நாற்பது மடங்கு. தீர்மானித்தவர்கள் அறிவிலிகள் அல்லர்; தம் காலத்தின் அளவைக் கொண்டு எதிர்காலத்தை அளந்தவர்கள்.

1982இல் வந்த 80286 முறைவழியாக்கிக்கு 24 தடங்கள் இருந்தன. 1985இல் வந்த 80386க்கு 32. ஆனால் மைக்ரோசொவ்ற்றின் டொஸ் முறைமையும் அதற்கென எழுதப்பட்ட நிரல்களும் பழைய ஒரு மெகாபைற் உலகிலேயே வாழ்ந்தன. 4 மெகாபைற் கொண்ட கணினியிலும் 640 கிலோபைற் போதவில்லை என்று நிரல் நின்றுவிடும் விந்தையான நிலை உண்டாயிற்று. மேல் நினைவகத்தைச் சிறு சாளரமொன்றின் ஊடாகப் பகுதி பகுதியாகக் காட்டும் முறையை லோட்டஸ், இன்ரெல், மைக்ரோசொவ்ற் ஆகிய மூன்று நிறுவனங்களும் வகுத்தன. 1991இல் வெளியான டொஸ் ஐந்தாம் பதிப்பு அதற்கான கருவிகளை முறைமையுடனேயே வழங்கியது. வன்பொருள் வளர்ந்தும் மென்பொருள் பழைய எல்லையை விடாது காவல் காத்தமைக்கு இது முதல் எடுத்துக்காட்டு.

பயோசிடம் நினைவக அளவைக் கேட்டறியும் பழைய அழைப்பு ஒன்றும் இத்தகையதே. அது விடையைக் கிலோபைற் கணக்கில் 16 பிற் இடத்திலே தரும். 16 பிற் கொள்ளும் மிகப்பெரிய எண் 65,535. எனவே ஏறத்தாழ 64 மெகாபைற்றுக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் அவ்வழைப்பால் அதனைச் சொல்லவியலாது. இதனாலேயே 1990களில் லினக்ஸ் முறைமையைப் பயன்படுத்தியோர் தொடக்கக் கட்டளையில் நினைவக அளவைத் தாமே எழுதிக் கொடுக்க நேர்ந்தது. ஆளிகளின் காலம் வேறு வடிவில் மீண்டும் வந்தது எனலாம்.

4. பாதி காணும் பலகைகள்

முறைவழியாக்கிக்கும் நினைவகத்துக்கும் இடையே நின்று பணிபுரிவது தாய்ப்பலகையின் சில்லுத்தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் தான் தோன்றிய காலத்து நினைவகச் சில்லுகளையே அறியும். இன்ரெல் 440 பி.எக்ஸ். என்னும் புகழ்பெற்ற தொகுதி 1998இல் வெளிவந்தது. அதன் பின்னர் வந்த அடர்த்தி மிகுந்த சில்லுகளைக் கொண்ட 256 மெகாபைற் தகட்டை அதிற் பொருத்தினால் 128 மட்டுமே தோன்றுவதுண்டு. சில்லின் உள்ளே வரிசைகளும் நிரல்களும் மிகுந்தபோது, அவற்றுட் பாதிக்கே முகவரி கூற அத்தொகுதியால் இயன்றது. தகடு குறையுடையதன்று, பலகையும் குறையுடையதன்று, அவை இரண்டும் வெவ்வேறு தலைமுறையைச் சேர்ந்தவை. சரிபாதி தோன்றுவது இவ்வகைக் குறையின் அடையாளம். எனவே அடர்த்தி குறைந்த, அதாவது சில்லுகள் கூடிய தகட்டை வாங்குவதே பரிகாரம்.

தொகுதிக்கென மொத்த எல்லையும் உண்டு. 815 தொகுதி 512 மெகாபைற்றுக்கு மேல் ஏற்காது. 2005இல் வெளிவந்த 945 தொகுதியின் எல்லை 4 கிகாபைற். மேலும் பழைய பலகைகளில் தகடுகளைத் தொகுதியாகவே பொருத்தவேண்டியிருந்தது. 72 முனைத் தகடு 32 பிற் அகலமுடையது. பென்ரியம் கணினியின் நினைவகப் பாதை 64 பிற் அகலமுடையது. ஆகவே இரண்டிரண்டாகப் பொருத்தினாலன்றி அவை எண்ணப்படமாட்டா. துணையின்றி நிற்கும் தகடு அங்கே தகடாகவே கருதப்படுவதில்லை.

5. 4 கிகாபைற்: இரண்டாவது ஒதுக்கீடு

80386 வழங்கிய 4 கிகாபைற் எல்லை 1985இல் எட்டாத வானம்போலத் தோன்றியது. இருபது ஆண்டுகளில் அது கைக்கெட்டிய கூரையாயிற்று. 640 கிலோபைற் காலத்தில் நிகழ்ந்ததே இங்கும் நிகழ்ந்தது. முகவரிப் பரப்பின் உச்சிப் பகுதி வரைகலை அட்டை, வலையமைப்பு அட்டை முதலிய சாதனங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 4 கிகாபைற் தகடுகளைப் பொருத்தியோர் 3.2, 3.5 என எண்கள் தோன்றக் கண்டு திகைத்தனர். காணாமற்போன நினைவகத்தை எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குரிய வீட்டிலக்கங்களைக் கோயிலும் பாடசாலையும் பெற்றுவிட்டன, அவ்வளவே.

இவ்விடத்தில் நுணுக்கமான ஒரு செய்தி உண்டு. 1995இல் வெளிவந்த பென்ரியம் புரோ முறைவழியாக்கியிலேயே முகவரித் தடங்கள் 36 ஆக்கப்பட்டு, 64 கிகாபைற் வரை அணுக வழிசெய்யப்பட்டிருந்தது. விண்டோசின் சேவையகப் பதிப்புகளுட் சில, 32 பிற் முறைமையாக இருந்தும், இவ்வசதியைப் பயன்படுத்தி 4 கிகாபைற்றைத் தாண்டின. ஆனால் சாதாரண பயனருக்கான விண்டோஸ் எக்ஸ்.பி.யில் 2004ஆம் ஆண்டின் இரண்டாவது சேவைப்பொதி 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட முகவரிகளைப் புறக்கணித்தது. வரைகலை முதலிய சாதனங்களை இயக்கும் நிரல்களுட் பல, அத்தகைய பெரிய முகவரிகளை எதிர்பாராமல் எழுதப்பட்டு, கணினியை வீழ்த்தியமையே அதன் காரணம். ஆகவே 32 பிற் விண்டோசின் எல்லை இயற்கை விதியன்று. அனுபவத்தால் எடுக்கப்பட்ட ஒரு நிருவாகத் தீர்மானம்.

அதற்கு முந்திய ஆண்டிலேயே ஏ.எம்.டி. நிறுவனம் 64 பிற் முறைவழியாக்கிகளை விற்பனைக்கு விட்டிருந்தது. 2005இல் அவற்றுக்கான விண்டோஸ் வந்தது. எனினும் முறைவழியாக்கியும் முறைமையும் 64 பிற் ஆயினும், இடையில் நிற்கும் தொகுதி 945 ஆக இருப்பின் பயனில்லை. ஒதுக்கீட்டால் மறைந்த நினைவகத்தை 4 கிகாபைற்றுக்கு மேலான முகவரிகளில் மீளக் குடியமர்த்தும் திறன் அத்தொகுதிக்கு இல்லை. அடுத்த ஆண்டு வந்த 965 தொகுதிக்கு அத்திறன் உண்டு. நமது பயிற்சி நிலையத்தின் முதலாவது கணினியும் இரண்டாவது கணினியும் ஒரே 3.2ஐக் காட்டியமைக்கு விளக்கம் இதுவே. முதலாவதில் தடை தொகுதியில் இருந்தது. அதனை நீக்க வழியில்லை. இரண்டாவதில் தொகுதி புதியது. தடை அதில் நிறுவப்பட்டிருந்த 32 பிற் விண்டோஸ் 7 முறைமையில் இருந்தது. எண் ஒன்று, அதனைத் தோற்றுவித்த காலம் வேறு.

திரையின் கூற்றே காலத்துக்குக் காலம் பொருள் மாறிய வரலாறும் உண்டு. விண்டோஸ் விஸ்ரா முதலில் வெளியானபோது பயன்படுத்தக்கூடிய அளவையே நினைவக அளவாகக் காட்டியது. 2008இல் வந்த முதலாவது சேவைப்பொதிக்குப் பின்னர் அதுவே பொருத்தப்பட்ட அளவைக் காட்டலாயிற்று. பொதியை நிறுவிய பலர் தம் நினைவகம் கூடிவிட்டது என மகிழ்ந்தனர். கூடியது நினைவகமன்று, சொல்லின் பொருளே மாறிற்று. விண்டோஸ் 7 இரண்டு எண்களையும் அருகருகே எழுதி இக்குழப்பத்தை ஓரளவு தீர்த்தது. அம்முறைமையிலும் பதிப்புக்கு ஏற்ப எல்லைகள் விதிக்கப்பட்டன: ஸ்ராட்டர் பதிப்புக்கு 2 கிகாபைற், 64 பிற் ஹோம் பேசிக் பதிப்புக்கு 8, ஹோம் பிரீமியத்துக்கு 16, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 192. இவ்வெல்லைகள் பொறியியலால் வந்தவை அல்ல, விலையால் வந்தவை.

6. வாவிக்கரையின் காற்று

இதுவரை கூறியவை உலகெங்கும் பொதுவானவை. மூன்றாவது கணினியின் குறையோ நம் மண்ணுக்கு நெருங்கியது. எழுவான்கரை என்பது ஒருபுறம் கடலும் மறுபுறம் உவர்நீர் வாவியும் சூழ்ந்த ஒடுங்கிய மணற்பரப்பு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெப்பமும் நுண்தூசியும் மிகும். வாடை தொடங்கி மாரி வந்ததும் ஈரப்பதன் ஏறும். கச்சானில் படிந்த தூசி வாடையில் உப்பீரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நினைவகத் தகட்டின் முனைகளில் உள்ள பொன்முலாம் மிக மெல்லியது. அதில் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் உண்டு. அவற்றினூடு ஈரமும் உப்பும் புகுந்து அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் அரிக்கும். அரிப்பினால் எழும் படலம் மின்னோட்டத்தைத் தடுக்கும். தகடு செருகுவாயில் உறுதியாக நிற்கும். பயோசின் கணக்கிலோ இராது.

இப்பிரதேசத்துக் கணினிகள் வந்த வழியும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. போர்க்காலத்தில் மின்தடையும் போக்குவரத்துத் தடைகளும் நிலவின. படுவான்கரையின் பெரும்பகுதியில் கணினி என்பது எண்ணிப்பார்க்கவியலாத பொருளாக இருந்தது. 2004 டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலையின் பின்னர் நிவாரணப் பொருள்களுடன் வெளியூர்களிற் பயன்படுத்திக் கழித்த கணினிகளும் நன்கொடையாக வந்தன. இவ்வாறு பல நாடுகளின் பல ஆண்டுகளுக்குரிய பலகைகள் ஒரே அறையில் அருகருகே இயங்கும் நிலை உண்டாயிற்று. ஒரே ஆண்டில் ஒரே வகையாக வாங்கப்பட்ட ஆய்வுகூடத்தில் ஒன்றைத் திருத்தியவர் எல்லாவற்றையும் திருத்துவார். இங்கோ ஒவ்வொரு கணினியும் தனி வரலாறு உடையது.

7. ஆராயும் ஒழுங்கு

மேற்கூறிய வரலாற்றிலிருந்து ஆராய்ச்சிக்குரிய ஓர் ஒழுங்கு தானே பிறக்கின்றது. முதலில் இரு சாட்சிகளைத் தனித்தனியே விசாரிக்கவேண்டும். பயோஸ் திரையில் தோன்றும் அளவு ஒன்று. பணிசெயல் முறைமை கூறும் அளவு மற்றொன்று. பயோஸ் முழு அளவையும் கூறி, முறைமை மட்டும் குறைத்துக் கூறுமாயின், பெரும்பாலும் தகடும் செருகுவாயும் குற்றமற்றவை. அப்போது முறைமை 32 பிற்றா 64 பிற்றா, பதிப்பின் எல்லை யாது, உள்ளமைந்த வரைகலைப் பகுதி எவ்வளவை எடுத்துக்கொண்டது என்பனவற்றைப் பார்க்கவேண்டும். விண்டோசின் தொடக்க அமைப்பில் உச்ச நினைவகம் என ஓர் அளவு எவராலேனும் குறிக்கப்பட்டிருப்பின் அக்குறியை நீக்கவேண்டும். 4 கிகாபைற்றும் அதற்கு மேலும் உள்ள பலகைகளில் நினைவகத்தை மீளக் குடியமர்த்தும் தெரிவு பயோசில் இருப்பின் அதனை இயக்கவேண்டும்.

பயோசே குறைத்துக் கூறுமாயின் விசாரணை தகட்டிடம் செல்லும். கணினியை நிறுத்தி, மின்வடத்தைக் கழற்றி, தொடக்க ஆளியை ஒருமுறை அழுத்தி எஞ்சிய மின்னை வெளியேற்றியபின், பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொண்டு பணிதொடங்கவேண்டும். தகடுகள் இரண்டு, செருகுவாய்கள் இரண்டு எனின் பரிசோதனைகள் நான்கு: ஒவ்வொரு தகட்டையும் ஒவ்வொரு வாயிலும் தனித்து வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும். ஒரு தகடு இரு வாய்களிலும் தோன்றாதாயின் குறை தகட்டினது. இரு தகடுகளும் ஒரே வாயில் தோன்றாவாயின் குறை வாயினது. நான்கிலும் தோன்றி, சேர்த்து வைக்கும்போது மட்டும் குறையுமாயின், தொகுதியின் எல்லையையும் தகடுகளின் பொருத்தத்தையும் நோக்கவேண்டும். நினைவகக் கட்டுப்பாடு முறைவழியாக்கியின் உள்ளே அமைந்த பிற்காலக் கணினிகளில், முறைவழியாக்கியின் கீழ் வளைந்துபோன ஒரு முனையும் ஒரு வரிசைத் தகடுகளை முழுமையாக மறைத்துவிடக்கூடும். குளிர்விப்பானை ஒருபுறமாக இறுக்கினாலும் அவ்வாறு நேர்வதுண்டு.

முனைகளைத் துப்புரவாக்க மென்மையான வெள்ளை அழிறப்பர் போதும். தேய்த்தபின் துகள்களை அகற்றி, ஐசோபுரொப்பைல் மதுசாரம் தோய்த்த துணியால் துடைத்து உலரவிடவேண்டும். உராய்வுத் தாளைப் பயன்படுத்தலாகாது. அது பொன்முலாத்தை நீக்கி அரிப்புக்கு வாயில் திறந்துவிடும். செருகுவாயின் தூசியைத் தூரிகையால் நீக்கி, இருபுறப் பூட்டுகளும் ஒலியெழுப்பி விழும்வரை தகட்டை நேராக அழுத்தவேண்டும். அரைகுறையாக அமர்ந்த தகடு எல்லாப் பிரதேசத்துக்கும் பொதுவான குற்றவாளி.

முடிவுரை

பயிற்சி நிலையத்து மூன்று கணினிகளையும் இவ்வொழுங்கில் ஆராய்ந்தபோது பிணக்குத் தீர்ந்தது. மூன்றாவது கணினியில் முதல்வாயில் இருந்த தகட்டின் முனைகளில் பச்சைநிறப் படலம் காணப்பட்டது. துப்புரவாக்கியபின் 4 கிகாபைற்றும் தோன்றிற்று. இரண்டாவதில் மாணவரின் கோப்புகளைப் பிரதிசெய்துவிட்டு 64 பிற் முறைமை நிறுவப்பட்டது. 8 கிகாபைற்றில் மிகச் சிறு பகுதி தவிர யாவும் பயனுக்கு வந்தன. முதலாவது கணினி இன்றும் 3.2 கிகாபைற்றையே காட்டுகின்றது. இனியும் அவ்வாறே காட்டும். அது பழுதன்று, அப்பலகையின் காலத்து எல்லை என்பதை அறிந்தபின் எவரும் அதனைக் குறைகூறவில்லை. எழுத்துப் பயிற்சிக்கும் கணக்குத்தாள் பயிற்சிக்கும் அவ்வளவு போதும். கடைக்காரர் விற்ற தகடுகள் யாவும் நல்லவை. அவரிடம் சென்று அதனை எடுத்துக்கூறிய பின்னரே நிலையத்தார் அமைதியடைந்தனர்.

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவடைந்தது; விண்டோஸ் 11க்கு 32 பிற் பதிப்பு இல்லை. ஆகவே பழைய கணினிகளைக் கழித்துவிடும் வேகம் இனி மிகும். பழைய பலகைகளின் பற்றாசில் ஈயம் உண்டு. வாவியோரத்துச் சதுப்பில் வீசப்படும் பலகையுடன் அதுவும் நீரைச் சேரும். அந்நீரில் மீன்பிடித்து வாழ்வோரும் நம்மவரே. கழிப்பதற்கு முன் ஆராய்வது, எனவே, சிக்கனம் மட்டுமன்று, பொறுப்புமாகும்.

இயந்திரம் கூறும் எண் பொய்யன்று. ஆனால் முழுமையும் அன்று. தனக்கு வழங்கப்பட்ட முகவரிகளுக்குள் தான் கண்டதையே அது கூறுகின்றது. ஏட்டில் இல்லாத வீட்டை இல்லாத வீடெனக் கொள்ளும் பிழையை வரலாற்று மாணவர் செய்தலாகாது என்று நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. அப்பாடம் கணினி அறையிலும் பயன்படும் என்பதை மூன்று பழைய கணினிகள் நமக்கு உணர்த்தின.